புகைபோக்கி ஊர்கள் - 9: படம் பார்க்கப் போனவர்கள்

சென்ற வாரம் பார்த்த ஹாலிஃபாக்ஸ் கம்பள ஆலையின் கதை நமக்குப் பழகிய தடத்தில்தான் போனது. 1980களின் தொடக்கத்தில் ஆலை மூடியது. பியானோ வாசிக்கத் தெரிந்த ஒரு தொழிலதிபர் அதை வாங்கினார். தறி ஓடிய கூடங்களில் ஓவியமும் நாடகமும் குடிவந்தன. வட இங்கிலாந்தின் பாதி ஊர்களுக்கு இந்தச் சுருக்கம் பொருந்தும். தொழில் போகும், பிறகு கலை வரும். ஆஷிங்டனில் இந்த வரிசை தலைகீழ். நிலக்கரி வெளியே வந்துகொண்டிருந்த காலத்திலேயே அதை வெட்டியவர்கள் சாயங்காலம் உட்கார்ந்து படம் போட்டார்கள். போட்டுவிட்டு மறுநாள் மறுபடி பூமிக்குள் இறங்கினார்கள்.

நியூகாஸிலிலிருந்து வடக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர், நார்தம்பர்லாந்து மாவட்டம், கடல் கூப்பிடு தூரத்தில். 19ஆம் நூற்றாண்டின் நடுவரைக்கும் அங்கே ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆஷிங்டன் கோல் கம்பெனி குழி தோண்டியது, ஆட்கள் வந்தார்கள், ஆட்களுக்கு வீடு வேண்டியிருந்தது. ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகளை நீள நீளமாகக் கட்டி, முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று எண் போட்டுக்கொண்டே போனார்கள். எண் சலித்துப்போயிருக்க வேண்டும். பிறகு வந்த தெருக்களுக்கு ஷேக்ஸ்பியர் நாடகப் பெண்களின் பெயர்கள்: ரோசலிண்ட் தெரு, ஜூலியட் தெரு, பியாட்ரிஸ் தெரு. கம்பெனி அலுவலகத்தில் நாடகம் படிக்கும் குமாஸ்தா ஒருவர் இருந்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். பியாட்ரிஸ் தெருவில் வளர்ந்த ஜாக் சார்ல்டன், பாபி சார்ல்டன் என்ற அண்ணன் தம்பி இருவரும் 1966இல் உலகக்கோப்பை வென்ற இங்கிலாந்து கால்பந்து அணியில் இருந்தார்கள். இங்கிலாந்தில் ஆஷிங்டன் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் குடும்பம்தான்.

ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை உலகத்திலேயே பெரிய சுரங்கக் கிராமம் என்று சொல்லிக்கொள்வார்கள். ஜனத்தொகையைப் பார்த்தால் அது நகரம். ஆனால் கிராமம் என்று சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. எல்லோருக்கும் ஒரே முதலாளி, ஒரே சங்கு, ஒரே பயம். பக்கத்து வுட்ஹார்ன் சுரங்கத்தில் 1916 ஆகஸ்டில் நடந்த வெடிவிபத்தில் 13 பேர் செத்தார்கள். சுரங்க வரலாற்றில் அது பெரிய விபத்துகளின் பட்டியலில்கூட வராது. வரிசை வீடுகளில் அதற்கு வேறு கணக்கு.

வேலை இப்படி: கூண்டில் இறங்கி, அங்கிருந்து இருட்டில் குனிந்து நெடுந்தூரம் நடந்து, கரி இருக்கும் முகப்பை அடைய வேண்டும். கரிப்படலம் மூன்றடி உயரம் இல்லாத இடங்களில் நிமிர்ந்து நிற்க முடியாது. ஒருக்களித்துப் படுத்தபடியே பிக்காசை வீச வேண்டும். வெட்டிய எடைக்குத்தான் கூலி. அள்ளிய கரியை இழுக்கக் கீழேயே மட்டக்குதிரைகள் லாயம் கட்டி வளர்க்கப்பட்டன. மேலே வந்தால் கணப்படுப்புக்கு முன்னால் ஒரு தகரத் தொட்டி. மனைவியோ அம்மாவோ வெந்நீர் ஊற்ற முதுகு தேய்த்துக் குளியல். மிச்ச நேரத்துக்குப் புறா, ஓட்டநாய், போட்டிக்கு வளர்க்கும் தொடை பருமன் லீக்ஸ், கிளப்பில் பீர். இதற்கு நடுவில் படிப்பும் இருந்தது. இதைத்தான் வெளியூர்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தொழிலாளர் கல்விக் கழகம் என்ற அமைப்பு 1903இல் தொடங்கியது. பள்ளியை 13, 14 வயதில் விட்டவர்களுக்குப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்களைக் கொண்டு மாலை வகுப்பு நடத்துவது அதன் வேலை. ஆஷிங்டனில் 1927இல் அவர்கள் விளம்பரப்படுத்திய முதல் வகுப்பு எது தெரியுமா? பரிணாமக் கொள்கை. அடுத்தடுத்து வேறு பாடங்களையும் முடித்துவிட்டு, 1934இல் ஓவிய ரசனை என்ற பாடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். படம் போட அல்ல, படத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள. அதனால் ‘சுரங்கத்துக்குள் ஒளிந்திருந்த கலைமேதைகள்’ என்று பின்னாளில் எழுதப்பட்டதெல்லாம் எனக்கு ஒவ்வாதது. ஒளிந்து கிடந்த எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏழு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போனது, அவ்வளவுதான்.

பாடம் நடத்த வந்தவர் ராபர்ட் லயன். நியூகாஸிலில், டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்ம்ஸ்ட்ராங் கல்லூரியில் ஓவிய ஆசிரியர். முறையாகப் பயின்ற ஓவியர். கையில் இத்தாலிய மறுமலர்ச்சிக் கால ஓவியங்களின் கருப்பு வெள்ளை ஸ்லைடுகள். மைக்கேலாஞ்சலோவை வண்ணம் இல்லாமல் திரையில் காட்டி, இதில் என்ன மகத்துவம் என்று விளக்கினார். எதிரே இருந்தவர்களிடம் ஒன்றும் அசையவில்லை. அவர்கள் மரியாதையில்லாதவர்கள் அல்ல. ஒரு முட்டுக்கட்டை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள். ஒருவர் சொல்லி மற்றொருவர் தலையாட்டுவது அறிவு என்று அவர்களுக்குப் படவில்லை.

லயனின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். பாடத்திட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், சரி, நீங்களே செய்து பாருங்கள் என்று விட்டுவிட்டார். முதலில் லினோலியம் துண்டுகளில் செதுக்கி அச்செடுத்தார்கள். பிறகு வண்ணம். வாரம் ஒரு தலைப்பு. வீட்டில் போட்டுக்கொண்டு வந்து எல்லோருடைய படத்தையும் சுவரில் சாய்த்துவைத்து, ஒவ்வொன்றாக அலசுவார்கள். கை எப்படிப் பிடிக்க வேண்டும், நிழல் எப்படி விழ வேண்டும் என்ற பயிற்சியை லயன் வேண்டுமென்றே கொடுக்கவில்லை. அவர்களை ஓவியர்களாக்குவது அவர் நோக்கமே இல்லை. செய்து பார்த்தவனுக்குத்தான் அடுத்தவன் செய்ததைப் பார்க்கத் தெரியும் என்பதுதான் அவர் கட்சி. இந்த முறையைப் பற்றியே தன் முதுகலைப் பட்டத்துக்கு ஆய்வேடும் எழுதினார்.

சாதனங்கள் மலிவானவை. கான்வாஸுக்குப் பதில் பிளைவுட், அட்டை. எண்ணெய் வண்ணத்துக்குப் பதில் பலர் கையில் இருந்தது வால்பமூர். லங்காஷயரின் டார்வென் ஊர்த் தயாரிப்பு. வீட்டுச் சுவருக்கு அடிக்கிற பெயின்ட். பளபளப்பு இருக்காது, சுண்ணாம்புப் பூச்சு போல மங்கி நிற்கும். கரித்தூள் படிந்த ஊருக்கு அதைவிடப் பொருத்தமான வண்ணத்தைப் பணம் கொடுத்தும் வாங்கியிருக்க முடியாது என்பேன்.

எதை வரைந்தார்கள்? தெரிந்ததை. ஆலிவர் கில்பர்ன் 1936இல் சனிக்கிழமை ராத்திரி கிளப்பைப் போட்டார். ஜிம்மி ஃபிளாய்ட் புறாக்கூண்டுகளைப் போட்டார். ஜார்ஜ் பிளெசட் ஓட்டநாய்களை. ஹாரி வில்சன் இவர்களில் வித்தியாசமானவர், அவர் சுரங்கத்தில் இறங்குபவர் அல்ல. பல்செட் செய்யும் தொழிலாளி. ‘சுரங்க ஓவியர்கள்’ என்று பிற்பாடு ஒட்டிய பெயர் அவரை விட்டுவிடுகிறது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ஆஷிங்டன் குழு, அதில் சுரங்கம் இல்லை.

கில்பர்னைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1904இல் பிறந்தவர், 13 வயதில் சுரங்க வேலைக்குப் போனவர். கரியை எடுத்து முடித்த இடத்தில் கூரையைத் தாங்கும் முட்டுகளை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். அவற்றை உருவி எடுத்து, கூரை தானாகச் சரிந்து உட்காரும்படி செய்வார்கள். இதற்கென்றே ஆட்கள் உண்டு. முட்டை இழுக்க வேண்டும், கூரை பேசும் சத்தத்தைக் கேட்க வேண்டும், சரியும் முன் விலகியிருக்க வேண்டும். இந்த வேலையை கில்பர்ன் 1950 வாக்கில் வரைந்தார். வாயு கசியும் சுரங்கத்தில் நெருப்புப் பொறிக்கும் மின்சாதனத்துக்கும் கடுமையான தடை இருந்ததால் அங்கே புகைப்படம் அரிது. எடைக்குக் கூலி வாங்குகிறவன் வேலையை நிறுத்திவிட்டு நோட்டுப் புத்தகத்தை விரிக்கவும் முடியாது. ஆக அந்த இடத்தை மனசில் வைத்துக்கொண்டு மேலே வந்து போட்டால்தான் உண்டு.

பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவர் இருக்கிறார்: ஹென்றி மூர். யார்க்ஷயரின் காஸில்ஃபோர்டில் சுரங்கத் தொழிலாளிக்குப் பிறந்து உலகப் புகழ் பெற்ற சிற்பி. போர்க்கால ஓவியராக 1941-42 குளிர்காலத்தில் சொந்த ஊருக்குப் போய் வெல்டேல் சுரங்கத்துக்குள் இறங்கிப் படங்கள் போட்டார். அற்புதமான படங்கள், சந்தேகமில்லை. இருட்டிலிருந்து உருண்டு திரண்டு வரும் உடம்புகள், புராண ஆட்கள் மாதிரி. ஆனால் மூரின் படத்தை வைத்துக்கொண்டு கரி வெட்ட முடியாது. கில்பர்னின் படத்தில் எந்த முட்டு எங்கே நிற்கிறது, எவன் முதலில் விலக வேண்டும் என்பது தெரியும். விமர்சகர்கள் இந்தக் குழுவைக் கள்ளமற்ற, பழகாத ஓவியம் என்ற அறையில் அடைத்தார்கள். சமூகத்தை உற்று நோக்கி ஆவணப்படுத்திய மாஸ் அப்சர்வேஷன் இயக்கத்தாரும் வந்தார்கள். 1938இல் கேட்ஸ்ஹெட்டில் நடந்த கண்காட்சியின் தலைப்பே ‘தொழில்முறை சாரா ஓவியம்’. எனக்கு அந்த அடைமொழிகளில் உடன்பாடில்லை. கில்பர்ன் தன் தொழிலைத்தான் வரைந்தார். அந்த விஷயத்தில் மூர்தான் தொழில்முறை சாராதவர்.

இந்தக் கதையில் பெண்கள் எங்கே? குழு கிட்டத்தட்ட முழுக்க ஆண்கள். ஆனால் அதே வீடுகளில் வேறொரு கைவேலை நடந்துகொண்டிருந்தது. கிழிந்த கோட்டையும் பழைய பாவாடையையும் விரல் நீளத்துக்கு வெட்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிய சாக்குத் துணியில் ஒவ்வொன்றாகக் குத்தி, கணப்படுப்பு முன்னால் விரிக்கக் கனமான விரிப்பு செய்வார்கள். புராகி என்பார்கள் அந்த ஊர்ப்பக்கம். வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதும் கட்டம் போடுவதும் பெண்களின் முடிவு. கிறிஸ்துமஸுக்குப் புதியது முன்னறைக்கு வரும், பழையது பின்னால் சமையலறைக்குப் போகும். ஆண்கள் செய்தது சுவரில் ஏறியது, கண்காட்சிக்குப் போனது, புத்தகமாயிற்று. பெண்கள் செய்தது தரையில் கிடந்து தேய்ந்தது. அதற்குக் கல்லூரியிலிருந்து எந்த ஆசிரியரும் வந்து ஆய்வேடு எழுதவில்லை.

குழுவின் வளர்ச்சி வேகமாக நடந்தது. 1936இலேயே நியூகாஸிலின் ஹாட்டன் கேலரியில் கண்காட்சி. நார்தம்பர்லாந்தின் ராக் ஹால் மாளிகையில் குடியிருந்த, நவீன ஓவியங்களைச் சேகரித்த ஹெலன் சதர்லேண்ட் என்ற சீமாட்டி இவர்களை ஆதரித்தார். அவர் செலவில் லண்டன் போய் டேட் கேலரியைப் பார்த்தார்கள். போர் வந்தது, 1942இல் லயன் எடின்பரோ கலைக்கல்லூரியின் முதல்வராகப் போனார். ஆசிரியர் போனால் வகுப்பு கலைந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். குழு தனக்கென்று ஒரு மரக்குடில் ஏற்பாடு செய்துகொண்டு, வாராவாரம் கூடி, படம் வைத்து வாதாடிக்கொண்டே இருந்தது. 1947 ஜனவரி 1இல் சுரங்கங்கள் அரசுடைமை ஆனபோதும், வெட்டும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டபோதும், 1970களில் வில்லியம் ஃபீவர் என்ற கலை விமர்சகர் வந்து இவர்களை வெளியுலகுக்கு மறுபடி அறிமுகப்படுத்தியபோதும், 1980இல் படங்கள் சீனா வரை போய் வந்தபோதும் அந்தக் குடில் இருந்தது.

முடிவு ஒரு வாடகைக் கணக்கில் வந்தது. குடில் நின்ற மண்ணுக்கு ஆண்டுக்கு 50 பென்ஸ் தரை வாடகை. அதை 14 பவுண்டாக உயர்த்தினார்கள். 28 மடங்கு. மிச்சமிருந்த சில கிழவர்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை, கட்டவும் மனசில்லை. 1983-84 வாக்கில் குழு கலைந்தது. அதே 1984 மார்ச்சில் நாடு முழுக்க சுரங்கத் தொழிலாளர்களின் ஓராண்டு வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. வுட்ஹார்ன் சுரங்கம் 1981லேயே மூடியாயிற்று. ஆஷிங்டன் சுரங்கம் 1988இல். வடகிழக்கின் கடைசி ஆழ்சுரங்கமான எலிங்டன் 2005 ஜனவரியில்.

இப்போது அந்தப் படங்கள் வுட்ஹார்ன் அருங்காட்சியகத்தில். கரி வெட்டும் இயந்திரத்தின் பற்களை நினைவூட்டும் வடிவத்தில் கட்டப்பட்ட புதுக் கட்டடம் 2006இல் திறந்தது. பக்கத்தில் பழைய சுரங்கத்தின் இறக்குசக்கரக் கோபுரங்கள் அப்படியே நிற்கின்றன. குழுவின் நிரந்தரத் தொகுப்பு அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் இருக்கிறது. அப்படி ஏற்பாடு செய்து வைத்ததில் கில்பர்னுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு படத்தை விற்றால் அதைப் போட்டவன் பெயர் உயரும், மற்றவர்கள் படம் பின்னால் போகும். வாராவாரம் ஒரே சுவரில் சாய்த்துவைத்து அலசிய படங்களைத் தனித்தனியே ஏலம் விட்டால் அவற்றில் பாதி விஷயம் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

‘பில்லி எலியட்’ படத்தை எழுதிய லீ ஹால் இவர்களை வைத்து எழுதிய நாடகம் 2007இல் நியூகாஸிலில் அரங்கேறி, லண்டன் நேஷனல் தியேட்டர் வழியாக 2010இல் பிராட்வே வரை போனது. அதன் புண்ணியத்தில் இன்றைக்குக் குழுவின் பெயர் பலருக்குத் தெரியும். நாடகம் பார்த்தவர்கள் ஒரு முறை வுட்ஹார்னுக்கும் போவது நல்லது. மேடையில் ஐந்தாறு பேர் பேசித் தீர்க்கும் விஷயம், அங்கே ஐம்பது வருஷ உழைப்பாகத் தொங்குகிறது.

அடுத்த வாரம் மறுபடி தெற்கே, பிராட்ஃபோர்டு பக்கம்: அல்பாக்கா கம்பளி நெய்து ஒரு ஊரையே கட்டிய டைட்டஸ் சால்ட்டையும், அவர் ஆலையில் இப்போது தொங்கும் ஹாக்னி படங்களையும் பார்ப்போம்.

(தொடரும்)