குன்றுகளிடையே ஒரு நாள்

ஊர்களைக் காணப் புறப்படுதல் மனமகிழ்ச்சிக்கு மட்டும் உரியதன்று. அறிவு வளர்ச்சிக்கும் உரியது. நூலில் பன்முறை படித்தும் நெஞ்சில் பதியாத செய்தி, ஒரு முறை நேரில் கண்ட அளவில் பதிந்துவிடுதல் உண்டு. ஆயினும், காணுதல் வேறு. கண்டு உணர்தல் வேறு. பாறையின்மேல் உள்ள கீறல்களைக் கீறல்களாகவே பார்த்துத் திரும்புவாரும் உளர். அவற்றை எழுத்துகள் என அறிந்து, ஈராயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்தார் கூறும் செய்தியைக் கேட்டுத் திரும்புவாரும் உளர். முன்னவரைப் பின்னவராக ஆக்க வல்லவர் நல்ல வழிகாட்டி. அத்தகைய வழிகாட்டி ஒருவரின் துணைகொண்டு, புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றுகளை ஒரே நாளில் கண்டுவருமாறு எங்ஙனம் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

புதுக்கோட்டைப் பகுதி, திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, பழைய சோழநாட்டிற்கும் பாண்டிநாட்டிற்கும் இடையில் அமைந்தது. 1948-ஆம் ஆண்டு வரையில் இது தனியரசாக விளங்கியது. 1974-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. செம்மண் நிலமும், ஏரிகளும், முட்புதர்க் காடுகளும் பரந்து கிடக்க, அவற்றின் நடுவே மரஞ்செடியற்ற மொட்டைப் பாறைகள் திடீரென எழுந்து நிற்கும். இவை மண்ணுலகின் மிகப் பழைய கருங்கற் பாறைகளைச் சேர்ந்தவை. பகல் வெயிலில் விரிந்தும், இரவுக் குளிரில் சுருங்கியும், மழைநீரால் தேய்ந்தும் இப்பாறைகள் ஏடு ஏடாக உரிகின்றன. அங்ஙனம் உரிந்த இடங்களில் இயற்கையாகவே குகைகள் உண்டாயின. பள்ளங்களில் நீர் தேங்கிச் சுனைகள் தோன்றின. நிழலும் நீரும் ஒருங்கே வாய்த்த இடத்தை மனிதர் நாடி வந்ததில் வியப்பில்லை.

இங்கு ஒரு நாள் செலவு மேற்கொள்வோர் நேரத்தை முறையாக வகுத்துக்கொள்ளல் வேண்டும். வெயில் ஏறிய பின் பாறை, காலடி வைக்க இயலாதவாறு சுடும். ஆதலின், மலையேற்றத்தைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொண்டு, நண்பகற் பொழுதைக் கோயில் மண்டபங்களின் நிழலில் கழித்தல் நன்று. மார்கழி, தை, மாசித் திங்கள்கள் இதற்கு ஏற்றவை. இவ்வொழுங்கிற்கு மற்றொரு காரணமும் உண்டு. கதிரவன் சாய்ந்து ஒளிவீசும் வேளையில், வெட்டெழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து விளங்கித் தோன்றும். உச்சி வேளையிலோ அதே எழுத்து மறைந்ததுபோல் ஆகிவிடும். தேர்ந்த வழிகாட்டி இதனை அறிந்தே நம்மை வைகறையில் புறப்படச் செய்வார்.

முதலில் நாம் காண்பது சித்தன்னவாசல். இது புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மலையின்மீது ஏறி மறுபுறம் இறங்கினால், சரிவில் ஓர் இயற்கைக் குகை தோன்றும். அதனை அடையப் பாறையில் ஏழு படிகள் வெட்டப்பட்டமையால், அதற்கு ஏழடிப்பட்டம் என்பது பெயர். குகையினுள் வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் உள்ளன. தலையணைபோல் தலைப்புறம் சற்றே உயர்த்தப்பட்டிருக்கும் அப்படுக்கைகளில் சமணத் துறவியர் தங்கித் தவம் செய்தனர். ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு உளது. அதன் காலம் கி.மு. முதல் நூற்றாண்டு எனக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கணித்தார். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவர்க்குச் சிறுபாவில் என்னும் ஊரைச் சார்ந்த இளையர் செய்தளித்த இருக்கை இது என்பது அதன் கருத்து. அரசன் புகழோ, போர் வெற்றியோ அதில் இல்லை. ஒருவர்க்கு மற்றொருவர் செய்த உதவியே அங்கு எழுதப்பட்டுள்ளது.

மலையின் மேற்குப் புறத்தில் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரைக் கோயில் இருக்கின்றது. ஏழடிப்பட்டத்தில் மனிதர் இயற்கைக் குகையைச் செப்பஞ் செய்து தங்கினர். இங்கோ, பாறையைக் குடைந்து கோயிலையே ஆக்கினர். உள்ளே விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. தாமரை மலர்களும் இலைகளும் செறிந்த அந்நீரில் மீன்களும், அன்னங்களும், எருமைகளும், யானைகளும் காணப்படுகின்றன, மூவர் பூக்கொய்கின்றனர். தூண்களில் ஆடல் மகளிரின் உருவங்கள் உள்ளன. கல்லின்மேல் சுண்ணச் சாந்து பூசி, அதன்மேல் மெல்லிய வெண்சுண்ணம் தடவி, காவி முதலிய கனிமங்களால் ஆகிய வண்ணங்களைக் கொண்டு இவற்றைத் தீட்டியுள்ளனர்.

இவ்வோவியங்கள் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை என முன்னர் அறிஞர் கருதினர். அக்கருத்தை மாற்றியது அங்குள்ள ஒரு தமிழ்க் கல்வெட்டு. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அதாவது கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இக்கோயிலின் உள்மண்டபத்தைப் புதுப்பித்து, முன்னே முகமண்டபமும் எடுப்பித்தார் என அது கூறுகின்றது. ஆதலின், இன்று நாம் காணும் ஓவியங்களுள் பெரும்பாலன அக்காலத்தன எனக் கொள்ளப்படுகின்றன. அவர் எடுப்பித்த முகமண்டபமும் பிற்காலத்தில் அழிந்தது. இப்போதுள்ள முன்மண்டபம் 20-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டது. ஓவியங்களின் பெரும்பகுதி இன்று மங்கியும் உதிர்ந்தும் போயிற்று. காலத்தால் அழிந்தது ஒரு பங்காயின், அறியாதார் கைபட்டு அழிந்ததும் ஒரு பங்காகும்.

வெயில் ஏறுமுன் அங்கிருந்து புறப்பட்டால், விரைவில் குடுமியான்மலையை அடையலாம். குன்றின் அடியில் சிகாநாதசுவாமி கோயிலும், அதன் பின்புறம் மேலைக்கோயில் என்னும் குடைவரையும் உள்ளன. குடைவரையை அடுத்த பாறைச் சரிவில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு பொறிக்கப்பட்டுள்ளது. அஃது ஏழு பகுதிகளாக, கிரந்த எழுத்தில் அமைந்தது. பண்களுக்கு உரிய சுரங்கள் நந்நான்காக வகுத்து எழுதப்பட்டுள்ளன. உருத்திராசாரியர் என்பாரின் மாணவனும் சிவபத்தனுமாகிய ஓர் அரசன், மாணாக்கரின் நன்மையின்பொருட்டு இவற்றை ஆக்கினான் என அதன் இறுதி உரைக்கின்றது. அவ்வரசன் மகேந்திரவர்மனே என்பாரும் உளர். ஆயினும் கல்வெட்டில் அரசன் பெயர் இல்லை. தன் பெயரைப் பொறியாமல் தன் ஆசிரியர் பெயரைப் பொறித்த அப்பெருந்தகையின் அடக்கம் நாம் எண்ணிப் பார்த்தற்கு உரியது. மாணவர்களே, பாறையையே பாடநூலாக்கி உங்கள் போன்றார்க்கென ஓர் அரசன் அளித்தது இஃது என்பதை மறவாதீர்கள்.

இத்தகைய கல்வெட்டுகளை அறிஞர் எவ்வாறு படிக்கின்றனர் என்பதை வழிகாட்டி இங்கு விளக்குவார். முதலில் கல்லை நீரால் தூய்மை செய்வர். பின்னர் நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, எழுத்தின் பள்ளங்களில் தாள் படியுமாறு செய்வர். அதன்மேல் மை ஒற்றினால், மேடான இடம் கருமையாகவும் எழுத்து வெண்மையாகவும் தோன்றும். இதற்குப் படியெடுத்தல் என்பது பெயர். இது பயிற்சி பெற்ற துறையினர் செய்யத்தக்க பணியேயன்றிப் பார்வையாளர் செய்யத்தக்கது அன்று. இவ்வாறு படியெடுத்த கல்வெட்டுகளைப் புதுக்கோட்டை அரசு தொகுத்து, 1929-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டது. அதனால்தான், கல்லில் மறைந்து கிடந்த செய்திகளை இன்று நாம் எளிதில் அறிகின்றோம்.

நண்பகல் உணவிற்குப் பின் கொடும்பாளூர் செல்வோம். சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன், கோவலனுக்கு மதுரை செல்லும் வழிகளை உரைக்கும்போது, கொடும்பை எனக் குறிக்கும் ஊர் இதுவே. இங்கிருந்து வழி மூன்றாகப் பிரியும் என அவன் கூறுவான். பழந்தமிழ் இலக்கியத்தில் அவனும் ஒரு வழிகாட்டி அன்றோ? இவ்வூரை ஆண்ட இருக்குவேளிர் மரபினனாகிய பூதி விக்கிரமகேசரி, 10-ஆம் நூற்றாண்டில், தன் பெயராலும் கற்றளி, வரகுணை என்னும் தன் தேவியர் இருவர் பெயராலும் மூன்று கோயில்களை எடுப்பித்தான். மூவர் கோயில் எனப்படும் அவற்றுள் இரண்டே இன்று எஞ்சியுள்ளன. மூன்றாவது கோயிலுக்கு அடித்தளம் மட்டுமே சான்றாக நிற்கின்றது. மலையைக் குடைந்து கோயில் ஆக்கிய நிலைமாறி, மலையிலிருந்து கல்லைப் பிளந்து கொணர்ந்து, சமவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோயில் எழுப்பும் நிலையை இங்குக் காண்கின்றோம்.

வெயில் தணியும் வேளையில் நார்த்தாமலையை அடைதல் வேண்டும். வணிகர் குழுவினராகிய நகரத்தார் இருந்தமையால் நகரத்தார்மலை எனப்பட்ட பெயரே நார்த்தாமலை எனத் திரிந்தது என்பர். இங்குள்ள குன்றுகளுள் மேலமலையின் சரிவில், மேற்கு நோக்கி நிற்பது விசயாலய சோழீச்சுரம். வெளிச்சுவர் சதுரமாகவும், உட்கருவறை வட்டமாகவும் அமைந்தமை இதன் சிறப்பு. அதனைச் சூழ்ந்து சிறு கோயில்கள் உள்ளன. பெயர் சோழனைக் குறிப்பினும், இதனை முதலில் எடுப்பித்தவர் முத்தரையர் தலைவராகிய சாத்தம் பூதி எனக் கல்வெட்டால் அறிகின்றோம். மழையால் அக்கற்றளி இடிந்து அழிய, மல்லன் விடுமன் என்பவர் அதனைப் புதுப்பித்தார் எனவும் அதே கல்வெட்டு கூறுகின்றது. அருகில் பழியிலி ஈச்சுரம் என்னும் குடைவரை உளது. 9-ஆம் நூற்றாண்டில், சாத்தன் பழியிலி என்பவர் அதனைக் குடைவித்தார். அவருடைய மகளார் பழியிலி சிறியநங்கை அதன்முன் மண்டபம் எடுப்பித்தார். தந்தை தொடங்கிய அறத்தை மகள் நிறைவு செய்த செய்தி, பதினொரு நூற்றாண்டு கடந்தும் கல்லில் நிலைத்து நிற்கின்றது.

காலை முதல் மாலை வரை கண்டவற்றை இப்பொழுது சேர்த்து நோக்குவோம். மனிதர் முதலில் பாறையில் தங்கினர், பின்னர்ப் பாறையைக் குடைந்தனர், பாறையில் எழுதினர், முடிவில் பாறையைப் பிளந்து அடுக்கிக் கோயில் கண்டனர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வளர்ச்சியை நாம் ஒரே பகலில் கண்டுவிட்டோம். ஆனால், இவற்றினும் பெரிதாகிய உண்மை ஒன்று இக்கல்வெட்டுகளில் அடங்கியுள்ளது. கல் தானாகவே நிலைத்து நிற்பதில்லை. அறிவர் கோயில் பழுதுற்றபோது ஓர் இளங்கௌதமன் தோன்றினார். சோழீச்சுரம் இடிந்தபோது ஒரு மல்லன் விடுமன் முன்வந்தார். காப்பார் இல்லாத இடத்தில், மூவர் கோயிலின் மூன்றாம் கோயில்போல, அடித்தளமே எஞ்சிற்று. ஆக்கியோரின் புகழுக்குச் சிறிதும் குறைந்ததன்று காத்தோரின் புகழ்.

பழைய சின்னங்களைச் சிதைத்தல், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமாகும். ஆனால், சட்டத்திற்கு அஞ்சி அடங்கியிருத்தல் மட்டும் நமக்குப் பெருமையாகாது. ஓவியத்தைத் தொடுதல் தகாது. விரலின் எண்ணெய்ப் பசை வண்ணத்தைக் கெடுக்கும். எழுத்து விளங்கித் தோன்றுதற்பொருட்டுக் கல்வெட்டின்மேல் சுண்ணக்கட்டியால் எழுதுதலும் தகாது. சிலர் இக்குகைகளிலும் தூண்களிலும் தம் பெயரைக் கீறிச் செல்கின்றனர். பழைய பெயர்களும் கல்லில்தானே உள்ளன என அவர் நினைக்கக்கூடும். இரண்டற்கும் உள்ள வேற்றுமை பெரிது. இளங்கௌதமன் பெயர் அக்கல்லில் இருப்பது, அவர் அக்கோயிலைக் காத்தமையால். இன்று கீறப்படும் பெயரோ, கீறியவர் அதனை அழித்தமைக்குச் சான்றாகவே நிற்கும்.

மாணவர்களே, உங்கள் ஊருக்கு அருகிலும் ஒரு குன்றோ, பழங்கோயிலோ, எழுத்துள்ள கல்லோ இருத்தல் கூடும். விடுமுறை நாளில் ஆசிரியரையோ, ஊரறிந்த முதியோரையோ துணைக்கொண்டு அங்குச் செல்லுங்கள். கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். புதிய கல்வெட்டெனத் தோன்றினால் தொல்லியல் துறையினர்க்குத் தெரிவியுங்கள். அதனைக் காணாத உங்கள் தோழர்க்கு நீங்களே வழிகாட்டியாக நின்று விளக்குங்கள். இருபது நூற்றாண்டுகளாகப் பலர் கைம்மாறிக் காத்துத் தந்த செல்வம் இது. இனி அது காக்கப்படுதல் உங்கள் கையில் உள்ளது.