தேய்ந்த தடமும் தேயாத மதிப்பும்

பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் சிறு பட்டறை நடத்தும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், மில்லிங் இயந்திரத்தைச் சீரமைக்கக் கடன் கோரியிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த இயந்திரம் அது. ஆண்டுதோறும் தேய்மானம் கழித்ததில், ஏட்டில் அதன் மதிப்பு ஏறத்தாழ மறைந்திருந்தது. மதிப்பிழந்த பொருளுக்கு எதற்குச் செலவு என்னும் ஐயத்துடனேயே நாங்கள் பார்வையிடச் சென்றோம்.

இயந்திரத்தின் மேசை சறுக்குத் தடங்களின் மீது நகர்கிறது. சிறிய வேலைகள் பெரும்பாலும் நடுப்பகுதியிலேயே நடப்பதால், தடம் நடுவில் மிகுதியாகத் தேய்கிறது. ஆட்டத்தைக் குறைக்க ‘கிப்’ எனப்படும் ஆப்புத் தகட்டை இறுக்கினால், மேசை ஓரங்களில் சிக்கிக்கொள்கிறது. தளர்த்தினால் நடுவில் ஆடுகிறது. “ஆர்டர் இருக்கிறது சார், அளவுதான் நிற்கவில்லை. புது இயந்திரம் வாங்கினால் தவணை கட்ட முடியாது” என்றார் அவர்.

சீரமைக்க வந்திருந்தவர் அறுபதைக் கடந்த கைவினைஞர். சமதளமான வார்ப்பிரும்புத் தட்டில் பிரஷ்யன் நீலத்தை மெல்லப் பூசித் தடத்தின் மீது தேய்த்தார். மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியது. அவற்றை ஸ்கிரேப்பர் உளியால் சுரண்டினார். ஒரு முறைக்குச் சில மைக்ரான் அளவே உலோகம் நீங்குகிறது. பூசுதல், தேய்த்தல், சுரண்டுதல் எனப் பன்முறை தொடர, 25 மில்லிமீட்டர் சதுரத்தில் சுமார் இருபது நீலப்புள்ளிகள் சீராகப் பரவின. இடையிலுள்ள நுண்பள்ளங்கள் எண்ணெயைத் தாங்கி நிற்கும். தேய்மானம் ஆழமாயின், டர்சைட் போன்ற உராய்வு குறைந்த பட்டையை ஒட்டி உயரத்தை ஈடுசெய்வதும் உண்டு.

பட்டைத்தூளிட்டுத் தேய்ப்பதினும் சுரண்டுதலே சமதளத்துக்கு உகந்தது என ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840-இல் எடுத்துரைத்தார். அம்முறை இன்றும் மாறவில்லை. கற்க முன்வருவோர்தாம் குறைவு என்றார் அம்முதியவர்.

கடன் வழங்கினோம். பணி முடிந்தபின் டயல் கேஜ் வைத்து மேசையை முழுநீளமும் ஓட்டிக் காட்டினார்கள். முள் ஏறக்குறைய அசையவில்லை. எங்கள் ஐயமும் அத்துடன் தீர்ந்தது.

இத்தகைய முடிவெடுக்கும் வாடிக்கையாளர்கள் சிலவற்றைக் கருத்தில் கொள்ளல் நலம். சுழல்தண்டும் பற்சக்கரங்களும் கெட்டிருந்தால், தடத்தை மட்டும் சீரமைப்பது பயன் தராது. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவீட்டு அறிக்கையை எழுத்தில் பெறுங்கள். அன்றாட நடைமுறை மூலதனத்திலிருந்து இச்செலவைச் செய்தால் மூலப்பொருள் வாங்கப் பணம் முடங்கும். தவணைக் கடனே ஏற்றது. வழக்கமான பழுதுபார்ப்பு அவ்வாண்டின் செலவு. இயந்திரத்தின் ஆயுளையோ திறனையோ கூட்டுவது மூலதனச் செலவாகலாம். எதுவென உங்கள் தணிக்கையாளரிடம் கேட்டறியுங்கள். ஈடு தர இயலாத சிறுதொழில் முனைவோர், 2000-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கடன் உத்தரவாத நிதியம் பற்றிக் கிளை மேலாளரிடம் வினவலாம்.

ஏட்டு மதிப்பை மட்டும் நோக்கி ஓர் இயந்திரத்தை நாங்கள் இப்போது எடைபோடுவதில்லை. பட்டறைக்கு நேரில் சென்று, அது ஓடுவதைக் கண்டபின்னரே முடிவெடுக்கிறோம்.