உள்ளநிலையும் சொல்லின் வெற்றியும்

ஒரு சொல் வெல்வதும் தோற்பதும் சொல்வோனுடைய நாவன்மையை மட்டும் பொறுத்தன அல்ல. கேட்போனுடைய அப்போதைய மனநிலையையும் பொறுத்தவை. அரசனின் குறிப்பையும் காலத்தையும் அறிந்தே பேசவேண்டும் என்று 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' அதிகாரத்தில் வள்ளுவர் அறிவுறுத்துகின்றார்.

சிலப்பதிகாரக் கொலைக்களக் காதை இதற்குத் தக்க சான்று. ஆடல்மகளிரின் கூத்தில் ஈடுபட்ட பாண்டியன்மேல் ஊடல் கொண்ட கோப்பெருந்தேவி, தலைநோவு என்று கூறி அகன்றாள். அவ்வூடலைத் தணிக்கச் சென்ற மன்னனைப் பொற்கொல்லன் வாயிலில் கண்டு, சிலம்பு திருடிய கள்வன் தன் குடிலில் இருப்பதாகக் கூறினான். மன்னன் சான்று கேட்கவில்லை. அவன் நெஞ்சம் தேவியிடம் இருந்தது. ஆராயாது ஆணையிட்டான், கோவலன் உயிர் போயிற்று. பின்னர்க் கண்ணகியின் சிலம்பிலிருந்து முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்தபோது மன்னன் உண்மையை உணர்ந்தான். ஆயினும் காலம் கடந்துவிட்டது. இளங்கோவடிகள் இதனை ஊழ்வினை என்பார். அவ்வினை நுழைந்த வாயில் மன்னனின் மனநிலையே அன்றோ?

இக்கால உளநூலாரும் இதனை ஆய்ந்துள்ளனர். தின்பண்டம் உண்டுகொண்டே படித்தவர்கள், உண்ணாது படித்தவர்களைவிட, படித்த கருத்துக்கு எளிதில் இணங்கினர் என்று அமெரிக்காவின் இர்விங் ஜேனிசும் துணைவரும் 1965இல் கண்டனர். 1990இல் ஜெர்மனியில் ஹெர்பெர்ட் பிளெஸ் முதலியோர் மாணவரை ஆராய்ந்தனர். வாட்டத்தில் இருந்தோர் வலிய காரணங்களுக்கே இணங்கினர். மகிழ்ச்சியில் இருந்தோர் வலிய காரணம், மெலிய காரணம் என்ற வேறுபாட்டை அவ்வளவாகக் காணவில்லை. எனினும், காரணத்தின் தரத்தை எடைபோடுமாறு கூறியவுடன் மகிழ்ந்தோரும் வேறுபாட்டைக் கண்டுகொண்டனர். இது நமக்கு ஆறுதல் தரும் செய்தி.

கேமரன் மலைக் கோலா தெர்லா போன்ற ஊர்களில், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்குமாறு பெற்றோரிடம் பேசும் ஆசிரியர் இதனைக் கருதுதல் நன்று. விழா மேடையின் முன் கைதட்டிப் பெற்ற இசைவு, மலைப்பனிபோல் மறுநாளே கலைந்துவிடக் கூடும். தோட்டத்து வேலையால் களைத்து, பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணிக் கவலையோடு வீட்டிலிருக்கும் தாயோ ஒவ்வொரு காரணத்தையும் நிறுத்துப் பார்ப்பாள். அவளிடம் இன்சொல் மட்டும் போதாது. பள்ளியில் பிள்ளை பெறும் பயனை விளக்கவேண்டும்.

கேட்போர்க்கும் ஒரு கடமை உண்டு. உள்ளம் களித்திருக்கும்போதும் கலங்கியிருக்கும்போதும் முடிவைச் சற்றே தள்ளி வைத்து, 'இதற்குக் காரணம் என்ன?' என்று கேட்க வேண்டும். பாண்டியன் அந்த ஒரு வினாவைக் கேட்டிருந்தால் மதுரை எரிந்திராது.