பாலிசி நுழையாத தெருக்கள்
வடசென்னை: மண்ணும் மனையும் – 14

வீட்டுக் காப்பீடு மூன்று கட்டங்களில் மறுக்கப்படுகிறது. விண்ணப்பத்தையே ஏற்காமல் விடுவது முதல் கட்டம். இருக்கும் பாலிசியை ரத்து செய்வது, அல்லது ஆண்டு முடிவில் புதுப்பிக்காமல் கைவிடுவது இரண்டாவது. பிரீமியத்தை ஒழுங்காக வாங்கிக்கொண்டு, சேதம் நேர்ந்த பிறகு ‘இது பாலிசியில் வராது’ என்று கைவிரிப்பது மூன்றாவது. அமெரிக்காவில் இப்போது பெரிதாகப் பேசப்படுவது இரண்டாவது கட்டம். கலிபோர்னியாவில் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் 2023 மே மாதத்தில் புதிய வீட்டு விண்ணப்பங்கள் வாங்குவதை நிறுத்தியது. 2024 மார்ச்சில் சுமார் 72,000 பாலிசிகளைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்தது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை வாடகைக் குடியிருப்புக் கட்டடங்களுக்கானவை. காட்டுத்தீ அச்சம் அந்த முடிவுக்கு ஒரு காரணம். வீட்டுக்காரர்களுக்குக் கடிதம் போயிற்று. வடசென்னையின் பேசின் பிரிட்ஜில் அப்படியொரு கடிதம் வருவதற்கு முதலில் வீட்டில் ஒரு பாலிசி இருக்க வேண்டும்.

இந்தியாவில் வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். வீட்டுக்கு எந்தக் காப்பீடும் கட்டாயமில்லை. வீட்டுக் கடன் வாங்கியவர்களிடம் வங்கி பாலிசி கேட்பதுண்டு. அது முதலில் வங்கியின் பணத்துக்கான காவல். கடன் அடைந்ததும் பாலிசியும் காலாவதியாகும், யாரும் நினைவூட்டுவதில்லை. பத்து லட்சம் ரூபாய்க் கட்டடத்துக்கு ஆண்டுப் பிரீமியம் சில நூறு ரூபாய்தான். அதில் ஏஜென்டுக்குக் கிடைக்கும் கமிஷன் ஒரு பிரியாணிக்குக்கூடக் காணாது. ஆகவே வண்டி பாலிசியும் மருத்துவ பாலிசியும் விற்பவர்கள் வீட்டு பாலிசியைப் பற்றி வாய் திறப்பதில்லை. மலிவாக இருப்பதாலேயே ஒரு பொருள் மக்களிடம் வந்து சேராமல் போவது விசித்திரம்தான்.

பேசின் பிரிட்ஜில் இதற்கு மேலும் சில முடிச்சுகள் உண்டு. ஓட்டேரி நல்லா ஓடை பக்கிங்காம் கால்வாயில் கலக்கும் இடம் இதன் அருகில்தான். புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடிப் பகுதிகளின் மழைநீர் இந்த நீர்வழிகளை நம்பியிருக்கிறது. கால்வாயோ வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தையும் தெற்கே கூவத்தையும் நம்பியிருக்கிறது. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் பெருமழை பிடித்தால் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்குவது மழைக்காலச் செய்திகளில் தவறாமல் வரும் ஒன்று. இன்னொரு பக்கம் நெருப்பு: ரயில் பெட்டி யார்டு, 1996-இல் அமைந்த 120 மெகாவாட் எரிவாயுச் சுழலி மின்நிலையம், குடோன்கள், காயலான் கடைகள். சற்றுத் தள்ளித் துறைமுகம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் அங்கிருந்த பர்மா ஆயில் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. போரால் வரும் சேதத்தைத் தீக்காப்பீடு ஏற்பதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது சரக்குகளுக்கும் ஆலைகளுக்கும் அரசே போர் அபாயக் காப்பீடு நடத்த வேண்டியிருந்தது. தனியார் ஏற்க மறுக்கும் அபாயத்தை அரசு தோளில் போட்டுக்கொள்வது புதிய கதையன்று.

பொதுக் காப்பீடு 1973 ஜனவரி 1 முதல் தேசியமயமானது. 107 நிறுவனங்கள் நான்காகச் சுருங்கின. அவற்றில் யுனைடெட் இந்தியாவுக்குச் சென்னை தலைமையிடம். தீக்காப்பீட்டுக்கு நாடு முழுவதும் ஒரே கட்டண அட்டவணை இருந்தது. அந்த அட்டவணையில் ஒரு சலுகை: புயல், வெள்ளம் ஆகியவற்றை நீக்கிவிட்டுப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளலாம். சென்னையில் அதை எடுத்துக்கொண்டவர் தம் பாலிசியிலிருந்து ஊரின் முதல் அபாயத்தையே வெட்டி எறிந்தவர் ஆவார். நிறுவனத்துக்கும் ஒரு வசதி இருந்தது: 15 நாள் நோட்டீஸ் கொடுத்து பாலிசியை முடித்துக்கொள்ளலாம். 2007 ஜனவரி 1-இல் கட்டண அட்டவணை போய், விலை நிறுவனங்களின் விருப்பமானது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின் பொருளாதார இழப்பை ஸ்விஸ் ரீ நிறுவனம் குறைந்தது 220 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. காப்பீட்டில் அடங்கியது அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி ஆலை, வணிகம், வாகனம் ஆகியவற்றுக்குப் போனது.

2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொது வடிவ பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்பனைக்கு வைத்தாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், பயங்கரவாதம் எல்லாம் இதில் அடக்கம். வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் ரூபாய் உச்சவரம்போடு, தானாகவே சேரும். 2024 ஜூனில் ஆணையம் வெளியிட்ட தொகுப்புச் சுற்றறிக்கை இன்னொரு கதவையும் அடைத்தது: தனிநபர் பாலிசியை நிறுவனம் இடையில் ரத்து செய்ய வேண்டுமானால் மோசடி நிரூபணமாகியிருக்க வேண்டும், 7 நாள் நோட்டீசும் தர வேண்டும். ஆக, இடையில் கைவிடுவது ஏட்டளவில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. முதல் கட்டமும் மூன்றாம் கட்டமும் அப்படியே இருக்கின்றன.

பாலிசியை விற்பனைக்கு வைப்பது கட்டாயம். இன்னாருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது கட்டாயமில்லை. விண்ணப்பம் கேட்கும் கேள்விகளில் பேசின் பிரிட்ஜ் வீடுகள் வரிசையாகத் தட்டுப்படும். வீடு யார் பெயரில்? பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் தவணை கட்டி முடித்தும் கிரயப் பத்திரம் கைக்கு வராத குடும்பங்கள் உண்டு. ஒதுக்கீடு பெற்றவர் எவருக்கோ கைமாற்றிவிட்டுப் போன வீடுகளும் உண்டு. கால்வாய்க் கரையிலும் ரயில்வே நிலத்திலும் கட்டியவருக்கு மின் இணைப்பு இருக்கும், ரேஷன் கார்டு இருக்கும், பட்டா இருக்காது. ஒரு பொருளில் சட்டம் ஏற்கும் உரிமை அல்லது நலன் இல்லாதவர் அதைக் காப்பீடு செய்ய முடியாது என்பது இத்தொழிலின் அடிப்படை விதி. விதியில் தவறில்லை, ஆனால் முப்பது ஆண்டுகள் குடியிருப்பதை நலன் என்று அது கணக்கில் கொள்வதில்லை.

அடுத்த கேள்வி கட்டுமானம். கீற்று, மூங்கில், பலகை, தார்ப்பாய் ஆகியவற்றால் ஆன சுவரையும் கூரையையும் ‘கச்சா’ என்று தீக்காப்பீடு தனியே பிரித்துவைக்கிறது. 1988-இல் மத்திய அரசு தொடங்கிய குடிசைக் காப்பீட்டுத் திட்டமும் கிராமப்புற ஏழைகளுக்கானது. நகரத்துக் குடிசை அதில் சேரவில்லை. ராயபுரத்தில் இன்னும் மிஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இதற்கு நேர் எதிர்த் துருவம். தேக்கு உத்திரமும் நெருக்கி அடுக்கிய செங்கல்லுமாக ஒரு நூற்றாண்டு நின்றவை. விண்ணப்பத்தில் ‘கட்டிய ஆண்டு’ என்ற கட்டத்தை நிரப்பியதுமே அவற்றின் மேல் சந்தேகம் விழுகிறது.

வங்கி வட்டாரங்களில் ‘நெகட்டிவ் ஏரியா’ என்று ஒரு சொல் புழங்குகிறது. தெருவின் பெயரைக் கேட்டதுமே கடனை மறுக்கும் பழக்கத்துக்கு அது பெயர். கடன் வராத தெருவுக்குக் கடனோடு ஒட்டிவரும் பாலிசியும் வராது. அமெரிக்க நகரங்களில் 1960-களில் இதே போன்ற ஒதுக்கல் இருந்தது. 1967 கலவரங்களுக்குப் பின் காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பர் பகுதிகளை விட்டு ஒட்டுமொத்தமாக விலகின. 1968-இல் கூட்டரசு சட்டம் இயற்றி, யாரும் ஏற்காத வீடுகளுக்காக ‘ஃபேர் பிளான்’ என்ற கடைசிப் புகலிட ஏற்பாட்டுக்கு வழிசெய்தது. இன்று காட்டுத்தீப் பகுதிகளில் கைவிடப்பட்ட கலிபோர்னியாவின் வசதியான வீட்டுக்காரர்கள் ஒதுங்குவதும் அதே கூரையின் கீழ்தான்.

வாடகைக்கு விடுபவர் நிலை தனி. புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் தரைத்தளத்தில் கடையோ குடோனோ, மேலே மூன்று நான்கு போர்ஷன்கள் என்பது பழகிய அமைப்பு. கிருஹ ரக்ஷா வசிப்பிடத்துக்கு மட்டுமே. தரைத்தளத்துக்குச் சிறுதொழில்களுக்கான பாலிசி தனியாக எடுக்க வேண்டும். மறுகாப்பீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி. ரீ 2019-இல் எட்டு வகைத் தொழில்களுக்குத் தீக்காப்பீட்டின் குறைந்தபட்ச விகிதத்தை உயர்த்தி, 2020 ஜனவரி முதல் அதை 291 வகைகளுக்கு விரித்தது. அப்போது வணிகக் கட்டடங்களின் பிரீமியம் எகிறியது. இந்தச் செலவைத் தவிர்க்க முழுக் கட்டடத்தையும் ‘வீடு’ என்று எழுதிக்கொடுப்பவர், தீ விபத்துக்குப் பின் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் இ.பி. பில்லைக் கேட்கும்போது மாட்டிக்கொள்கிறார். வாடகைதாரர் வீட்டுக்காரரிடம் சொல்லாமலே தெர்மாகோலோ பழைய பிளாஸ்டிக்கோ அடுக்கியிருந்தாலும் பாதிப்பு வீட்டுக்காரருக்குத்தான். வீடு குடியிருக்க முடியாமல் போனால் இழந்த வாடகையையும் கிருஹ ரக்ஷா தருகிறது. வாடகையை நம்பி வாழும் முதியவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பிரிவு வேறில்லை. வாடகைதாரரின் பீரோவும் ஃபிரிட்ஜும் வீட்டுக்காரர் பாலிசியில் சேரா. வாடகைதாரர் தம் சாமான்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

மூன்றாம் கட்டத்தில் நீண்டகாலம் தொல்லை தந்தது குறைகாப்பீட்டு விதி. இருபது லட்சம் பெறுமானக் கட்டடத்தைப் பத்து லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், நான்கு லட்சம் சேதத்துக்கு இரண்டு லட்சம்தான் கிடைக்கும். கிருஹ ரக்ஷா இதை விலக்கிவிட்டது. கட்டடத்தின் பரப்பையும் கட்டுமானச் செலவையும் பெருக்கித் தொகையைக் கணக்கிடுகிறது. மனையின் விலை இதில் வராது. மனை விலை கட்டடத்தை விழுங்கிவிட்ட வடசென்னையில், அறுபது லட்சம் பெறும் சொத்துக்குப் பன்னிரண்டு லட்சம்தானா என்று வீட்டுக்காரர் கோபிப்பார். வெள்ளம் மண்ணை எடுத்துக்கொண்டு போகாது என்பது நிறுவனத்தின் பதில்.

கடலோ மண்ணையும் எடுத்துக்கொண்டு போகும். 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கியபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது. பாறாங்கல் கொட்டியும் தூண்டில் வளைவு கட்டியும் இன்றுவரை கரையைப் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது. நிலம் உள்வாங்குவதால் வரும் சேதத்தை ஏற்கும் தீக்காப்பீடு, கடலரிப்பையும் ஆற்றரிப்பையும் பெயர் சொல்லி விலக்குகிறது. புயலன்று அலை அடித்துச் சுவர் விழுந்தால் பணம் உண்டு. பத்து ஆண்டுகள் அரித்து அஸ்திவாரம் சரிந்தால் இல்லை. எந்த அலை கடைசி அலை என்று தீர்மானிப்பது சர்வேயர் வேலை.

குறைபாடுள்ள வடிவமைப்பும் மோசமான வேலைப்பாடும் அதே விலக்குப் பட்டியலில் உள்ளன. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக், 24 வீடுகளோடு இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்பே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. இத்தகைய சரிவில், தீயோ வெள்ளமோ காரணமென்று காட்ட முடியாவிட்டால் காப்பீடு உதவாது. ‘இடிந்து விழுதல்’ தனி அபாயமாகப் பட்டியலில் இல்லை. பழைய தீக்காப்பீட்டு வாசகப்படி, அப்படி விழுந்த கட்டடத்தின் மீதான பாலிசி ஏழு நாளில் தானே முடிந்தும்விடும். அந்தக் குடும்பங்களுக்கு அரசு தலா ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியின் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் ஏறிய உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. மாசால் வரும் சேதத்தைப் பாலிசி ஏற்காது. ஆனால் ஏற்கப்பட்ட ஓர் அபாயத்தின் விளைவாக வந்த மாசானால் ஏற்கும். வெள்ளம் ஏற்கப்பட்ட அபாயம். ஆகவே வாசகத்தை நேராகப் படித்தால் எண்ணெய்க் கறைக்கும் உரிமை கோரலாம். ஆலையின் கவனக்குறைவு தனிக் காரணம் என்று எதிர்த்தரப்பு வாதாடவும் இடமிருக்கிறது. போபால் விஷவாயு விபத்துக்குப் பின் வந்த 1991-ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், ஆலை விபத்தில் பிறர் சொத்துக்கு நேரும் சேதத்துக்குத் தொடக்கத்தில் வைத்த வரம்பு 6,000 ரூபாய். மிக்ஜாமுக்குப் பின் தமிழக அரசு ரேஷன் கார்டுக்கு வழங்கிய நிவாரணமும் 6,000 ரூபாய்தான். முப்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு தொகையும் ஒன்றாக அமைந்தது தற்செயல்.

வேறு நாடுகள் வேறு வழி பார்த்திருக்கின்றன. பிரிட்டனில் 2016 ஏப்ரல் முதல் ‘ஃப்ளட் ரீ’ நிதி, வெள்ள அபாய வீடுகளின் சுமையை எல்லாப் பாலிசிதாரர்கள் மீதும் பரப்புகிறது. வாடகை வீடுகளில் பெரும்பாலானவை அதில் சேரா. இலங்கை அதே ஆண்டு ஏப்ரலில் அரசே பாலிசிதாரராகி, எல்லா வீடுகளுக்கும் 25 லட்சம் இலங்கை ரூபாய் வரை இயற்கைப் பேரிடர்க் காப்பீடு எடுத்தது. மறு மாதமே களனி ஆறு பெருகி கொழும்பின் புறநகர் மூழ்கியது. பட்டா கேட்காமல் குடியிருப்பை மட்டும் பார்க்கும் ஏற்பாட்டுக்கு இவ்வட்டாரத்தில் உள்ள நெருங்கிய முன்மாதிரி அதுதான்.

பாலிசி வைத்திருப்பவர் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குவது முதல் வேலை. எந்த விதியின்கீழ் மறுப்பு என்பது அதில் இருக்க வேண்டும். சர்வேயர் அறிக்கை இறுதி வார்த்தை அன்று என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் கூறியிருக்கிறது. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் தீராவிட்டால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். அவர் விசாரிக்கக்கூடிய புகார்களில் ‘பிரீமியம் வாங்கிய பிறகும் பாலிசி தராதது’ என்று ஒன்று உண்டு. பிரீமியத்தையே வாங்க மறுத்தவர் மீது புகார் சொல்ல அந்தப் பட்டியலில் தனிப் பிரிவு இல்லை.