கேட்டி நடந்து விட்டாள், என் தோழி?

"புத்தகமே சிறந்த நண்பன்" என்று கட்டுரைப் போட்டிகளில் நாம் எழுதுவது வழக்கம். நண்பரிடம் குறை இருப்பதுபோல் புத்தகத்திலும் குறை இருக்கலாம் என்பதை இவ்வாண்டுதான் அறிந்தேன்.

நம் வயதுப் பெண்களுக்காக எழுதப்பட்ட பழைய ஆங்கில நாவல்களுள் ஒன்று, சூசன் கூலிட்ஜ் எழுதிய 'வாட் கேட்டி டிட்' (1872). அத்தையின் சொல்லை மீறி ஊஞ்சலாடி விழுகிறாள் கேட்டி. முதுகில் அடிபட்டுச் சுமார் நான்கு ஆண்டுகள் நடக்க முடியாமல் இருக்கிறாள். பொறுமையும் அன்பும் கற்றபின் எழுந்து நடக்கிறாள். எலினார் போர்ட்டரின் 'பாலியானா'விலும் (1913) மோட்டார் கார் மோதிக் கால்கள் செயலிழந்த சிறுமி முடிவில் நடந்து விடுகிறாள்.

முதலில் படித்தபோது ஆனந்தக் கண்ணீர் விட்டேன். 'கேட்டி'யை என் தோழிக்கும் கொடுத்தேன். அவள் சிறு வயது முதல் ஊன்றுகோலுடன் நடப்பவள். இரண்டே நாளில் திருப்பித் தந்தாள். "கேட்டி நல்ல பெண்ணானதும் நடந்து விட்டாளே! நான் இன்னும் நல்ல பெண்ணாகவில்லையாடி?" என்று சிரித்தபடி கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு மீண்டும் புரட்டினேன். ஊஞ்சலைத் தாங்கிய இரும்பு விரிசல் கண்டிருந்தது. அத்தை "ஏறாதே" என்றாளே தவிர, காரணம் சொல்லவில்லை. பழுது இரும்பில், பழி கேட்டியின் மேல்! ஆனால் அதே நூலில் ஹெலன் என்ற உறவுக்காரப் பெண் வருகிறாள். அவளாலும் நடக்க இயலாது. கதை முடிந்தும் அவள் குணமாவதில்லை. எனினும் பிள்ளைகள் அவளையே சுற்றி வருகிறார்கள். இப்போது எனக்குப் பிடித்தவள் அவளே.

ஜொஹானா ஸ்பைரியின் 'ஹைடி'யை மட்டும் என்னால் வெறுக்க முடியவில்லை. 1881இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில் கிளாரா நடப்பது மலைக்காற்றாலும் ஆட்டுப்பாலாலும் பயிற்சியாலும். நன்னடத்தைக்குப் பரிசாக அல்ல. கடின ரொட்டி உண்ண இயலாத பாட்டிக்காக மெத்தென்ற வெள்ளை ரொட்டிகளை ஹைடி அலமாரியில் சேர்த்து வைப்பதை யாரால் மறக்க இயலும்?

நான் மிகவும் நேசிப்பது லூயிசா மே ஆல்காட்டின் 'லிட்டில் விமன்' (1868, 1869). நான்கு சகோதரிகளுள் மிகவும் நல்லவள் பெத். ஏழைக் குழந்தையைப் பார்க்கச் சென்றதால்தான் அவளுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் தொற்றுகிறது. பிழைத்தும் உடல் தேறாமல் இரண்டாம் பாகத்தில் இறக்கிறாள். ஆசிரியையின் தங்கை எலிசபெத்தும் அக்காய்ச்சலால் நலிந்து, 1858இல் 22 வயதில் இறந்தவர். நன்மை செய்தால் நோய் அண்டாது என்ற பொய்யை ஆல்காட் எழுதவில்லை.

பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டதாக யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். அவனும் அல்ல, அவன் பெற்றோரும் அல்ல என்பதே ஆண்டவர் தந்த விடை. மறைக்கல்வி வகுப்பில் பலமுறை கேட்டும், தோழியின் கேள்விக்குப் பிறகே அது எனக்கு விளங்கியது.

'லிட்டில் விமன்' நூலை அவளிடம் தயங்கித்தான் கொடுத்தேன். பெத்துக்காக அழுதாளாம். ஆனால் அவளுக்குப் பிடித்தவள், பரணில் அமர்ந்து கதை எழுதும் ஜோதானாம்! அவளுக்குப் பெத்தைத்தான் பிடிக்கும் என்று நினைத்த நானும் தவறு செய்தவளே.

தோழியரே, கதைகளைப் படித்து மகிழ்வோம். அதே கதை பக்கத்து இருக்கைக்காரியிடம் என்ன சொல்கிறது என்பதையும் கேட்டறிவோம்.