மலைநாட்டு வீட்டில் ஒரு மீன்தொட்டி

மீன்தொட்டி என்றதும் நம்மவர்க்குக் கொழும்புச் செல்வர் வீட்டு வரவேற்பறையும் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையுமே நினைவுக்கு வரும். ஹற்றனிலும் நுவரெலியாவிலும், மாதக்கணக்கில் மழையும் பனியும் மூடிக் கிடக்கும் தோட்டப்புறத்துச் சிறு வீடுகளில் மீன் வளர்க்கலாமா என்று கேட்டால் பலர் நகைப்பர். நாமும் நகைத்தவர்களே. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுச் சிறுவன் அடம் பிடித்து, சமவெளியிலிருந்து எட்டு வண்ண மீன்களை வாங்குவித்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டான். ஒரு கிழமைக்குள் எட்டும் மாண்டன. கொய்யா மரத்தடியில் அவற்றைப் புதைத்துவிட்டு வந்தவன், அதன்பின் மீன் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

இந்நிலையில்தான் டீமேக்கர் ஐயா நம் வீடு தேடி வந்தார். அருகிலுள்ள தோட்டத்து ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலை பதமிட்டவர். சேவை முடிந்துவிட்டது, ஆகவே தோட்டத்தார் கொடுத்த வீட்டையும் விட்டாக வேண்டும். எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் வேலையோடு வந்த வீடு வேலையோடு போய்விடும் என்பது மலைநாட்டில் உள்ளோர் அனைவரும் அறிந்த செய்தி. கொழும்பில் மகனுடைய வீட்டில் இரண்டே அறைகள். அங்கே மூன்றடி நீளத் தொட்டிக்கு இடமேது?

“மாஸ்டர், தொட்டிக்கு விலை வேண்டாம். அது ஒழுகுகிறது, ஓராண்டாய்ச் சும்மா கிடக்கிறது. மீன்கள் மூன்றும் பீப்பாயில் இருக்கின்றன. பெரியதற்குப் பதினொரு வயது. தம்பி பார்த்துக்கொள்வானா? எனக்கு இன்னும் நான்கு கிழமைதான் இருக்கிறது” என்றார்.

சிறுவன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் ஒன்றும் பேசவில்லை. நாம்தான் சரி என்று சொல்லிவிட்டோம்.

பொன்மீன் குளிர் நீருக்கு உரியது. சீனத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக வளர்க்கப்பட்டு வருவது. நன்கு பேணினால் பத்து, இருபது ஆண்டுகள் கூட உயிர் வாழும். நம் கிண்ணத்தில் மாண்ட மீன்களோ வெப்ப நாட்டு ஆறுகளைச் சேர்ந்தவை. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,270 மீற்றர் மேலே உள்ள ஹற்றனின் இரவுக் குளிரை அவை எங்ஙனம் தாங்கும்? நுவரெலியாவோ 1,868 மீற்றர். குற்றம் குளிரிலன்று, மீனைத் தெரிந்தெடுத்த நம்மிடத்தில்தான் இருந்தது.

தொட்டி வந்து சேர்ந்தது. மூன்றடி நீளம், ஓரடி அகலம், பதினைந்து அங்குல உயரம். பாசி காய்ந்து கறுத்திருந்தது. சவர்க்காரம் போட்டுத் தேய்க்கப் போன இல்லத்தரசியை ஐயா நல்லவேளையாகத் தடுத்துவிட்டார். சவர்க்காரம் ஒட்டிக்கொண்டால் முற்றாக நீக்குவது கடினம். அது மீனின் செவுளைக் கெடுக்கும். வினாகிரியில் நனைத்த துணியும் வெறும் தண்ணீருமே போதுமாயின.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க, முற்றத்தில் சமமான இடத்தில் ரெஜிபோம் தகடு ஒன்றை இட்டு, அதன்மேல் தொட்டியை வைத்து, சுற்றிலும் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து நீர் நிரப்பினோம். ஒரு மணி நேரத்தில் பின்புற மூலையில் தாள் நனைந்தது. இங்கேதான் நாம் முதற் பிழையைச் செய்தோம். நனைந்த மூலையில் மட்டும் புதிய சிலிக்கோன் பசையை அப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று களித்திருந்தோம். மூன்றாம் நாள் மீண்டும் நிரப்பியபோது முன்னிலும் விரைவாக ஒழுகிற்று. ஒரு கிழமை வீணாயிற்று.

காரணம் எளியது. உலர்ந்த பழைய சிலிக்கோனின்மேல் புதியது பற்றாது. அது கண்ணாடியையே பற்ற வேண்டும். தொட்டியில் இரண்டு பூச்சுக்கள் உண்டு. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் இடையே நின்று தொட்டியைத் தாங்குவது ஒன்று. உள் மூலைகளில் ஓடி நீரைத் தடுப்பது மற்றொன்று. இடைப்பூச்சு கெட்டிருந்தால் கண்ணாடிகளைப் பிரித்தே ஒட்ட வேண்டும். நமது தொட்டியில் கெட்டது உட்பூச்சு மட்டுமே. எனவே உள்ளே இருந்த பழைய பூச்சு முழுவதையும், ஒரு மூலை விடாமல், சவர அலகினால் சுரண்டி எடுத்தோம். இரண்டு மாலைப் பொழுதுகள் சென்றன. விரலில் மூன்று காயங்கள். பின்னர் ஸ்பிரிட்டினால் துடைத்து, இருபுறமும் நாடா ஒட்டி, பசையை ஒரே ஓட்டமாக இட்டு, விரலால் நீவி, அது இறுகுமுன் நாடாவை உரித்தோம்.

பசை வாங்கும்போது கவனம் வேண்டும். குளியலறைக்கென்று விற்கப்படும் சிலவகைகளில் பூஞ்சணத்தைக் கொல்லும் நஞ்சு கலந்திருக்கும். அது மீனையும் கொல்லும். மீன்தொட்டிக்கு ஏற்றது என்று உறையில் குறித்திருப்பதையே வாங்குக. இறுகும்போது வினாகிரி வாடை வீசும். வாடை முற்றும் நீங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். குளிரில் இறுகத் தாமதமாகுமாதலால் நாம் ஒரு முழுக் கிழமை தொடாமலே விட்டோம்.

அந்தக் கிழமையில்தான் தாங்கி செய்யும் வேலை. சிறுவனுக்கு முதலில் ஒரு கணக்குக் கொடுத்தோம். தொட்டியின் கொள்ளளவு மூன்றே முக்கால் கன அடி. ஒரு கன அடி நீர் ஏறக்குறைய 28 லீற்றர். ஒரு லீற்றரின் நிறை ஒரு கிலோ. அப்படியாயின் நீர் மட்டுமே நூறு கிலோவைத் தாண்டும்! கண்ணாடியும் கூழாங்கல்லும் சேர்ந்தால் 140 கிலோ வரை வரும். வளர்ந்த ஆட்கள் இருவர் இரவும் பகலும் ஏறி நிற்பதற்கு ஒப்பானது. சாதாரண மேசை இதைத் தாங்கும் என்று எண்ணுவோர் பின்னர் வருந்துவர்.

மரம் எங்கிருந்து கிடைத்தது என்பது தனிக் கதை. முற்காலத்தில் ஆலையின் மேல்மாடியில் தட்டுத் தட்டாகச் சாக்குத் துணி கட்டி, அதன்மேல் கொழுந்தைப் பரப்பி வாட்டுவர். பின்னர் விசிறி பொருத்திய நீண்ட தொட்டிகள் வந்தமையால் அத்தட்டுக்கள் பல ஆலைகளில் கழற்றப்பட்டன. அப்படிக் கழற்றிய சட்டங்கள் சிலவற்றை ஐயா வீட்டுப் பின்புறத்தில் அடுக்கி வைத்திருந்தார். பல்லாண்டுகள் ஆலைச் சூட்டில் காய்ந்த மரம்! புதிதாய் அறுத்த மரத்தை நம் மழைக்காலத்தில் உலர்த்துவது பெரும்பாடு. ஈர மரத்தில் செய்த தாங்கி பின்னர் காய்ந்து முறுகும். பழைய மரம் கிடையாதோர் நன்கு உலர்ந்த யூக்கலிப்டஸ் சட்டங்களைத் தேடிக்கொள்ளலாம்.

நாம் வரைந்த படத்தைத் தோட்டத்து ஆசாரியாரிடம் காட்டினோம். அவர் ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். “பாரம் ஆணியில் தொங்குகிறதே ஐயா! மரத்தின்மேல் மரம் உட்கார வேண்டும்” என்றார். நாம் மேற்சட்டத்தைக் காலின் பக்கத்தில் வைத்து ஆணி அடிப்பதாக வரைந்திருந்தோம். அவர் சொற்படி நான்கு கால்களின் தலையிலேயே மேற்சட்டம் அமர்ந்தது. கால்கள் மூன்றங்குலச் சதுரம். உயரம் இரண்டரை அடி. அடியில் ஒரு சுற்றுச் சட்டம். பக்கவாட்டில் ஆடாதிருக்க முதுகில் ஒட்டுப்பலகை ஒன்றைத் திருகாணியால் பிணைத்தோம். பாரத்தைத் தாங்குவது கால். தாங்கி சாய்ந்து மடியாமல் காப்பது அம்முதுகுப் பலகை. இதனை விட்டுவிடுவோரே பெரும்பாலர். இழைப்புளி பிடிக்கும் உரிமையைச் சிறுவன் கேட்டு வாங்கிக்கொண்டான். மேற்பலகைக்கு வார்னிஷ் மூன்று முறை பூசினோம். தண்ணீர் சிந்துமிடம் அதுவே.

வீட்டுச் சிமெந்துத் தரை கண்ணுக்குச் சமம். ரசமட்டம் வைத்தபோது ஒரு முனை அரை அங்குலம் தாழ்ந்திருந்தது! தொட்டிக்கு அடியில் எதையும் செருகக் கூடாது. கண்ணாடி முறுகி விரிசல் காணும். தாங்கியின் காலுக்கு அடியில் மெல்லிய மரச்சீவல்களைச் செருகிச் சமன் செய்தோம். மேற்பலகைக்கும் தொட்டிக்கும் இடையில் அரை அங்குல ரெஜிபோம்.

வேலை நடக்கையில் சிறுவனுக்குச் சொன்ன ஒரு வரலாற்றை மாணவர்க்காக இங்கே குறிப்பிடுவோம். இலண்டனில் வாழ்ந்த வார்ட் என்னும் வைத்தியர் 1829ஆம் ஆண்டளவில், மூடிய போத்தலொன்றில் தானே முளைத்த பன்னச் செடியைக் கண்டு, செடிகளைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றலாம் என்று அறிந்தார். 1848ஆம் ஆண்டு தேயிலை தேடிச் சீனம் சென்ற றொபேட் போச்சூன், ஆயிரக்கணக்கான தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்கு அனுப்பியது அத்தகைய பெட்டிகளில்தான். அப்பெட்டியில் நீரை நிறைத்தால் என்ன என்ற எண்ணமும் அக்காலத்தது. 1850ஆம் ஆண்டு வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், இரண்டு பொன்மீன், ஒரு நீர்ச்செடி, சில நத்தைகள் ஆகியவை ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழும் என்று காட்டினார். 1853இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் பொது மக்களுக்கான மீன்கூடம் திறக்கப்பட்டது. ஆக, தேயிலைச் செடி ஏறிவந்த பெட்டியும் மீன்தொட்டியும் உறவினரே.

நான்காம் கிழமையின் தொடக்கத்தில் தொட்டி மூன்று நாள் நிறைந்து நின்று ஒரு சொட்டும் விடவில்லை. ஆயினும் மீனை உடனே விடலாகாது. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது, அது நஞ்சு. அதனை நைத்திரைத்தாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் இல்லை. அவை தாமே பெருக ஆறு கிழமை வரை செல்லும். குளிரில் இன்னும் தாமதம். நமக்கோ நாட்கள் இல்லை. ஐயாவின் பீப்பாயில் ஓராண்டாய்க் கிடந்த பஞ்சு வடிகட்டியை, கழுவாமல், ஈரம் உலராமல் எடுத்து வந்து நம் தொட்டியில் இட்டோம். நுண்ணுயிர்கள் குடியோடு பெயர்ந்து வந்தன. முதல் நாட்களில் உணவையும் பாதியாகக் குறைத்தோம்.

பீலித் தண்ணீர் மிக மென்மையானது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்தது. நாளடைவில் தொட்டி நீர் புளிப்பேறும். சிப்பி ஓடுகள் சிலவற்றை வடிகட்டியின் அருகே இட்டு இதனைத் தடுக்கலாம். மலைக்குக் களைக்கொல்லி அடித்த நாட்களில், அதன் கீழ் ஓடும் ஓடை நீரை எடுக்கவே கூடாது. வேண்டாத மீனை ஓடையில் விடுவதும் தவறு. தொட்டி துடைக்கும் மீன் என்று வாங்கி, வளர்ந்ததும் விட்டுவிட்ட தென்னமெரிக்க மீன்கள் இன்று இந்நாட்டு நீர்நிலைகளில் பெருகி நம் மீன்களை நெருக்குகின்றன.

நம் மீன்கள் என்றால் குறைந்தவையல்ல. 1929இல் தெரணியகல பெயரிட்ட செந்நிறச் சிறு கெண்டை, உலகெங்கும் தொட்டிகளில் வாழும் இலங்கை மீன். ஆனால் அது தென்மேற்குத் தாழ்நிலக் காடுகளின் நிழலோடைக்கு உரியது. ஹற்றன் குளிருக்கு உகந்ததன்று. பொன்மீனன்றி வேறு விரும்புவோர், சீனத்து வெண்முகில் மலையின் பெயரால் வழங்கும் சிறு மீனைக் கேட்டுப் பார்க்கலாம். அதைக் கண்டெடுத்தவர் ஒரு சாரணத் தலைவர் என்பது சாரண மாணவர்க்கு உவப்பாயிருக்கும்.

ஐயா புறப்படுவதற்கு முதல் நாள் மாலை மூன்று மீன்களும் வாளியில் வந்தன. சிறுவன் வாளி நீரையும் தொட்டி நீரையும் விரலால் மாறி மாறித் தொட்டுப் பார்த்தான். பின்னர் சிறிது சிறிதாகத் தொட்டி நீரை வாளியில் ஊற்றி, அரை மணி கழித்தே மீன்களை விட்டான். சிறியன இரண்டும் உடனே நீந்தின. பதினொரு வயதுப் பெரியது ஒரு மூலையில், நாம் மூன்று காயம்பட்டுச் சுரண்டிய அதே மூலையில், நெடுநேரம் அசையாது நின்றது. ஐயா தேநீரையும் தொடவில்லை. இருட்டிய பின்னரே அது மெல்ல முன்னே வந்து, கண்ணாடிக்கு அருகே அவர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து மூடிற்று.

“பசி” என்றார் ஐயா. “இன்றைக்குக் கொடுக்காதே, தம்பி. நாளைக்கு ஒரு சிட்டிகை.”

இப்போது ஞாயிறுதோறும் காலையில் கொழும்பிலிருந்து தொலைபேசி வரும். நம்மிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, தம்பியிடம் கொடுக்கச் சொல்வார்.