மிசோ மலைகளில் தலைமை: ஊர்த்தலைவர் முதல் முதலமைச்சர் வரை

மியான்மருக்கும் வங்கதேசத்துக்கும் இடையே ஆப்பு அறைந்தாற்போல் நீண்டு கிடக்கும் மிசோரம், 21,081 சதுர கிலோமீட்டர் பரப்பும் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 11 லட்சம் மக்களும் கொண்டது. அதாவது, மேலகரமும் குற்றாலமும் அடங்கிய தென்காசி மாவட்டத்தைவிட மக்கள்தொகையில் சிறிய ஒரு மாநிலம். இருபது ஆண்டு ஆயுதப் போராட்டத்துக்குப் பின் 1986இல் அங்கு ஏற்பட்ட உடன்பாடு இன்றுவரை முறியாமல் நிற்பதும், தலைமறைவு இயக்கத்தின் தலைவரே முதலமைச்சராகிப் பின்பு வாக்குச்சீட்டால் பதவியிழந்ததும் இந்திய அரசியல் வரலாற்றில் அரிதாகக் காணப்படுபவை. இதற்கான காரணத்தை உடன்பாட்டின் விதிகளில் மட்டும் தேடினால் விடை முழுமையாகாது. ஊரின் இசைவு இருக்கும்வரைதான் தலைமை நிலைக்கும் என்ற ஒரு பழைய நியதி அந்த மலைகளில் வெவ்வேறு வடிவங்களில் தொடர்ந்து செயல்பட்டு வந்திருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லால்களின் ஆட்சி

ஆங்கிலேயர் வருவதற்கு முன் மிசோ மலைகளில் பேரரசு எதுவும் இருந்ததில்லை. மலைமுகட்டில் அமைந்த ஒவ்வோர் ஊரும் 'லால்' எனப்பட்ட தலைவரின் கீழ்த் தனியரசாக இயங்கியது. இத்தலைவர்களுள் சைலோ குலத்தினர் 19ஆம் நூற்றாண்டில் மேலோங்கி நின்றனர். மூத்த ஆண்மக்கள் திருமணமானதும் சில குடும்பங்களுடன் புறப்பட்டுப் புதிய ஊர்களை நிறுவ, தந்தையின் ஊர் இளைய மகனுக்கு உரியதாயிற்று. 'உபா' எனப்பட்ட மூத்தோர் குழு தலைவருக்கு ஆலோசனை கூறி வழக்குகளைத் தீர்க்க உதவியது. ஊருக்கென ஒரு கொல்லரும், பறையறிவிப்போர் போல் ஆணைகளைக் கூவி அறிவிக்கும் ஒருவரும், பூசகரும் இருந்தனர். மணமாகாத இளைஞர் அனைவரும் இரவில் 'ஜாவ்ல்புக்' என்னும் பொது மனையில் தங்கி, ஊர்க்காவலையும் பொதுப்பணியையும் அங்கேயே பயின்றனர். தன்னலம் பாராது பிறர்க்கு உதவும் கடமையைக் குறிக்கும் 'த்லாம்ங்கைனா' என்ற அறம் இப்பயிற்சியின் உயிர்நாடியாக இருந்தது.

காட்டை வெட்டி எரித்துப் புனம் அமைத்து நெல் விளைவித்த மக்கள், விளைச்சலில் ஒரு பங்கைத் தலைவருக்கு வரியாக அளந்தனர்; எந்த ஆண்டு எந்தச் சரிவில் புனம் வெட்டுவது என்பதைத் தீர்மானிப்பதும் அவர் பொறுப்பே. ஆதரவற்றோரும் குற்றம் புரிந்து அடைக்கலம் தேடியோரும் தலைவரின் வீட்டில் அடிமைகளாக வாழ்ந்த வழக்கமும் உண்டு என்பதால், இந்த ஆட்சிமுறையைக் குறைகளற்ற ஊராட்சியாகக் கருதிவிட முடியாது. ஆயினும் கொடுமை மிகுந்தால் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறொரு தலைவரின் ஊருக்குச் சென்றுவிடலாம் என்ற நிலை இருந்தது. புனவேளாண்மையில் குடிகள் நிலத்தோடு கட்டுண்டு கிடக்கவில்லை. வாளேந்த ஆளும் வரியளக்கக் குடியும் இல்லாத தலைவருக்கு மலை மட்டும் மிஞ்சியதால் பயனில்லை. தலைவரின் அதிகாரத்துக்கு எழுதப்படாத வரம்பாக அமைந்தது இந்த வெளியேறும் உரிமைதான்.

மேலிருந்து வந்த ஆட்சி

காச்சார் சமவெளியில் தேயிலைத் தோட்டங்கள் மலையடிவாரம்வரை பரவி வேட்டைக் காடுகளை விழுங்கியபோது மோதல் மூண்டது. 1871 சனவரியில் அலெக்சாண்டிராபூர் தோட்டம் தாக்கப்பட்டு, அங்கிருந்த ஜேம்ஸ் வின்செஸ்டர் கொல்லப்பட்டு அவருடைய சிறு மகள் மேரி கடத்திச் செல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1871–72இல் ஆங்கிலப் படை மலையேறியது. 1889–90இல் நடந்த இரண்டாம் படையெடுப்புக்குப் பிறகு அது திரும்பிச் செல்லவில்லை. வடக்கே எதிர்த்து நின்ற கல்கம் என்ற தலைவர் பிடிபட்டு ஹசாரிபாக் சிறையில் உயிர்துறந்தார். தெற்கே கணவருக்குப் பின் ஊர்களை ஆண்டுவந்த ரோபுய்லியானி, வரியும் கட்டாய வேலையும் ஏற்க மறுத்து 1893இல் சிறைப்பட்டு, 1895இல் சிட்டகாங்கில் காவலில் இருக்கும்போதே மறைந்தார்.

தென்காசிச் சீமையின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதன் அடுத்த கட்டம் புதிதாகத் தோன்றாது. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் 1755இல் கர்னல் ஹெரானின் படையை எதிர்த்தது முதல் 1801ஆம் ஆண்டுப் போர் வரை பாளையக்காரர்களுடன் மோதிய கும்பினி, அடங்கியவர்களை ஒழித்துவிடாமல் நிரந்தரத் தீர்வையின் கீழ் ஜமீன்தார்களாக ஆக்கிக்கொண்டது. ஆங்கிலேயர் லுஷாய் மலைகள் என அழைத்த மிசோ மலைகளிலும் அதுவே நடந்தது. 1898இல் வடக்கும் தெற்கும் ஒரே மாவட்டமாக இணைக்கப்பட்டு அஸ்ஸாமின் கீழ் வைக்கப்பட்டபின், ஊர்த்தலைவர்களுக்கு எல்லை குறித்த பத்திரங்கள் வழங்கப்பட்டன. வீட்டு வரி வசூலிப்பதும் சுமைகூலிக்கு ஆள் அனுப்புவதும் அவர்கள் கடமையாயின. குடிகளின் இசைவால் நின்ற லால், கண்காணிப்பு அதிகாரியின் ஆதரவால் நிற்கும் லாலாக மாறினார். பதவி பாதுகாப்பானது, ஆனால் அதன் மதிப்பு உள்ளிருந்து அரிக்கப்பட்டது.

அதே ஆண்டுகளில் வேறொரு தலைமை உருவாகிக்கொண்டிருந்தது. 1894 சனவரியில் வந்திறங்கிய லொரெயின், சாவிட்ஜ் என்ற இரு மதப்பணியாளர்கள் மிசோ மொழிக்கு ரோமன் எழுத்தை அமைத்துப் பள்ளியும் தொடங்கினர். அடுத்த சில பத்தாண்டுகளில் மலைமக்களில் பெரும்பாலோர் கிறித்தவராயினர். தலைவர் வீட்டு அடிமைமுறையை எதிர்த்த மருத்துவர் பீட்டர் ஃபிரேசர் ஆங்கில நிர்வாகத்தின் சினத்துக்கு ஆளாகி மலையைவிட்டு வெளியேற நேர்ந்தாலும், பிறப்பைவிடப் படிப்பு ஒருவரை உயர்த்தும் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ஜாவ்ல்புக் மறைந்துவந்த காலத்தில், 1935 சூன் 15 அன்று தொடங்கப்பட்ட இளைஞர் சங்கம் அதன் பொதுப்பணி மரபை ஏற்றுக்கொண்டது. பின்னர் இளம் மிசோ சங்கம் எனப் பெயர் மாறிய அதற்கு இன்று ஊர்தோறும் கிளை உண்டு. ஓர் ஊரில் இறப்பு நேர்ந்தால் கல்லறை தோண்டுவது முதல் துக்க வீட்டில் இரவு முழுவதும் துணையிருப்பது வரை எல்லாம் அச்சங்கத்தினரே.

தலைவர்களை ஒழித்த தேர்தல்

1946 ஏப்ரலில் பிறந்த மிசோ யூனியன் என்னும் முதல் அரசியல் கட்சி, பள்ளியில் படித்த சாமானியர்களின் குரலாக எழுந்து, ஊர்த்தலைவர் முறையை ஒழிப்பதையே முதன்மைக் கோரிக்கையாக முன்வைத்தது. இந்தியாவுடன் இணைவதற்கு அக்கட்சியின் பெரும்பகுதி இசைந்தபோது, அதற்கு எதிராகப் பர்மாவுடன் சேர விரும்பியோர் 1947இல் தனிக் கட்சி கண்டனர். பழங்குடி மலைப்பகுதிகளுக்குத் தன்னாட்சி வழங்கும் அரசமைப்பின் ஆறாம் அட்டவணைப்படி 1952இல் மாவட்ட மன்றம் அமைந்ததும், மிசோ யூனியன் அதில் பெரும்பான்மை பெற்றது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதலில் 259 தலைவர்களும், 1956இல் தெற்குப் பகுதியில் மேலும் 50 பேரும் உரிமையிழக்க, அவர்களிடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்மன்றங்கள் அமர்ந்தன. சென்னை மாகாணத்தில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஊத்துமலை, சிவகிரி போன்ற ஜமீன்களின் முடிவுக்கு வழிவகுத்த அதே காலகட்டம் இது. ஆனால் இங்கு ஜமீன் நிலம் உழுபவர் பெயரில் பட்டாவாக மாறியது. அங்கு புனநிலத்தைப் பங்கிடும் அதிகாரம் ஊர்மன்றத்துக்குச் சென்றதால், நிலத்தின் மீதான பொதுப்பிடி ஊரிடமே தங்கியது.

மூங்கில் பூத்தபின்

மிசோ மலைகளைப் போர்த்தியிருக்கும் ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்துக் காய்த்து மடிகிறது. அக்காய்களைத் தின்று பெருகும் எலிகள், காய் தீர்ந்ததும் புனங்களில் இறங்கி நெல்லை அழித்துவிட, 'மவுதாம்' எனப்படும் பஞ்சம் தொடர்கிறது. 1862, 1911 ஆகிய ஆண்டுகளின் நினைவைக் கொண்டு அடுத்தது 1959இல் வரும் என்பதை முதியோர் அறிந்திருந்தனர். மாவட்ட மன்றமும் முன்கூட்டியே எச்சரித்து நிதி கேட்டது. அஸ்ஸாம் அரசு அதைப் பழங்குடியினரின் நம்பிக்கை என ஒதுக்கியது. பஞ்சம் வந்து மலை பட்டினி கிடந்த நிலையில், 1960இல் அஸ்ஸாமியை மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கும் சட்டமும் நிறைவேறியது.

பட்டினிக்கு அரிசி சுமந்து சென்ற தொண்டர் அமைப்பு ஒன்றின் தலைவராக இக்காலத்தில் வெளிப்பட்டவர் லால்டெங்கா. முன்பு இராணுவத்தில் பணியாற்றிப் பின்னர் மாவட்ட மன்றத்தில் கணக்கராக இருந்தவர். பஞ்சநிவாரண முன்னணியாக இயங்கிய அவ்வமைப்பு 1961 அக்டோபர் 22 அன்று மிசோ தேசிய முன்னணி என்ற கட்சியாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் லால்களை வீழ்த்திய மிசோ யூனியன், ஆட்சிக் கட்சியாகிவிட்டபின் பட்டினியைத் தடுக்க இயலாமல் செல்வாக்கு இழக்க, ஊருக்குள் அரிசி கொண்டுவந்தவர்கள் ஊரின் தலைமையையும் பெற்றனர்.

மொழிச் சிக்கலும் தனிநாட்டுக் கோரிக்கையும் அதே ஆண்டுகளில் தமிழகத்தையும் அலைக்கழித்தவை. பிரிவினை கோருவதைத் தடுக்கும் பதினாறாவது அரசமைப்புத் திருத்தம் 1963இல் வந்தபோது, அண்ணாதுரையின் தலைமையிலான தி.மு.க. தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு, 1967 மார்ச்சில் தேர்தல் வழியாக ஆட்சியில் அமர்ந்தது. மிசோ தேசிய முன்னணியோ 1966 மார்ச் 1 அன்று விடுதலைப் பிரகடனம் வெளியிட்டு, அரசுக் கருவூலங்களையும் அஸ்ஸாம் ரைபிள்ஸ் முகாம்களையும் தாக்கியது. மார்ச் 5 முதல் இந்திய விமானப்படை அய்சால் நகரின்மேல் குண்டு வீசியது. நாட்டின் எல்லைக்குள் சொந்தக் குடிமக்கள் வாழும் நகரின்மீது வான்படை ஏவப்பட்ட இந்நிகழ்வு மிசோ நினைவில் ஆறாத வடுவாகத் தங்கியது.

இரு நிலங்களின் பாதைகளும் பிரிந்ததற்குத் தலைவர்களின் மனப்போக்கு மட்டும் காரணமன்று. தமிழகத்துக்குப் பெரியதொரு சட்டமன்றமும், அதில் பெரும்பான்மை பெற்றால் ஆட்சியைப் பிடிக்கும் வாய்ப்பும் இருந்தன. மூன்று உறுப்பினர்களை மட்டுமே அஸ்ஸாம் சட்டமன்றத்துக்கு அனுப்பிய மிசோ மாவட்டத்துக்கு அந்த வாயில் திறந்திருக்கவில்லை. ஆயுதத்தை எதிர்கொள்ள அரசு தேர்ந்த வழியோ காயத்தை ஆழமாக்கியது. 1967 சனவரி முதல் சிதறிய ஊர்கள் காலிசெய்யப்பட்டு எரிக்கப்பட, மக்கள் நெடுஞ்சாலையோரக் குடியிருப்புகளில் படைக் காவலின்கீழ் அடைக்கப்பட்டனர். மலாயாவில் 1950 முதல் பிரிட்டிஷார் செயல்படுத்திய, தோட்டத் தமிழர் பலரையும் வேலிக்குள் நிறுத்திய முறையே இதற்கு முன்மாதிரி. ஊரைவிட்டு விரும்பிப் புறப்படும் உரிமையை மரபாகக் கொண்டிருந்த மக்கள், ஊரைவிட்டு வலிந்து பெயர்க்கப்பட்டனர். புனவேளாண்மை சிதைந்து, பங்கீட்டு அரிசியை நம்பும் வாழ்வு தொடங்கியது.

உடன்பாடும் அதன்பின்னும்

1972 சனவரி 21 அன்று மிசோரம் அஸ்ஸாமிலிருந்து பிரிந்து ஒன்றியப் பகுதியாயிற்று; மிசோ யூனியனின் சுங்கா அதன் முதல் முதலமைச்சரானார். படையினரின் அத்துமீறல்களை எதிர்த்து மனித உரிமைக் குழு அமைத்த ஓய்வுபெற்ற பிரிகேடியர் சைலோ, மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கி 1978இல் ஆட்சியைப் பிடித்தார். ஆயுதமின்றியும் தில்லியை நோக்கிக் கேள்வி எழுப்ப முடியும் என்பது அப்போது தெளிவாயிற்று. தலைமறைவுத் தலைவர்களையும் அரசையும் திருச்சபைத் தலைவர்கள் மாறிமாறிச் சந்தித்துப் பேச்சை உயிரோடு வைத்திருந்தனர். 1986 சூன் 30 அன்று லால்டெங்காவும் ஒன்றிய உள்துறைச் செயலர் ஆர். டி. பிரதானும் மிசோரம் தலைமைச் செயலர் லால்காமாவும் கையொப்பமிட்ட உடன்பாட்டைத் தொடர்ந்து, காங்கிரஸ் முதலமைச்சர் லால் தன்ஹாவ்லா தம் பதவியை லால்டெங்காவுக்கு விட்டுக்கொடுத்தார். 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் இந்தியாவின் 23ஆவது மாநிலமாயிற்று.

உடன்பாட்டின் விளைவாக அரசமைப்பில் சேர்ந்த 371ஜி பிரிவு, மிசோக்களின் சமய, சமூக வழக்கங்கள், வழக்காற்றுச் சட்டம், நில உரிமை ஆகியவை குறித்த நாடாளுமன்றச் சட்டம் எதுவும் மாநிலச் சட்டமன்றம் ஏற்றாலன்றி அங்கு செல்லாது எனக் கூறுகிறது. நிலத்தின்மீது ஊருக்கிருந்த பிடி இவ்வாறு அரசமைப்பின் காவலைப் பெற்றது. முதல் தேர்தலில் 40 இடங்களில் 24ஐ வென்ற லால்டெங்காவின் ஆட்சி, உறுப்பினர்கள் அணிமாறியதால் 1988இல் கவிழ்ந்தது. அவர் காட்டுக்குத் திரும்பவில்லை. அடுத்த தேர்தலில் தோற்று, 1990இல் மறைந்தார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக லால் தன்ஹாவ்லாவும், லால்டெங்காவின் உதவியாளராக இருந்த ஜோரம்தங்காவும் மாறிமாறி ஆண்டனர். தொகுதி மக்களின் தீர்ப்பு இருவரையும் விட்டுவைக்கவில்லை: 2018இல் முன்னவர் முதலமைச்சராக இருந்துகொண்டே போட்டியிட்ட இரு தொகுதிகளிலும் தோற்றார், 2023இல் பின்னவரும் அவ்வாறே தம் தொகுதியை இழந்தார். இந்திரா காந்தியின் பாதுகாப்புப் பணியில் இருந்த முன்னாள் காவல் அதிகாரியும், கட்சித்தாவல் தடைச் சட்டத்தால் பதவியிழந்த முதல் மக்களவை உறுப்பினருமான லால்துஹோமா, 27 இடங்களை வென்ற ஜோரம் மக்கள் இயக்கத்தின் சார்பில் 2023 டிசம்பர் 8 அன்று முதலமைச்சரானார்.

இத்தேர்தல்கள் நடக்கும் முறையிலும் ஊரின் கை தெரிகிறது. 2006இல் திருச்சபைகளின் முன்முயற்சியால் உருவான மிசோரம் மக்கள் மன்றம், கட்சிகளுடன் ஒப்பந்தம் செய்து விருந்து, ஆடம்பரப் பேரணி ஆகியவற்றுக்கு வரம்பு கட்டி, வேட்பாளர் அனைவரையும் ஒரே மேடையில் ஏற்றிக் கேள்வி கேட்கச் செய்கிறது. 2023 வாக்கு எண்ணிக்கை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததை மக்கள் ஏற்காததால், தேர்தல் ஆணையம் அதை மறுநாளுக்கு மாற்றியது.

ஊரின் பிடி வலுவாக இருக்குமிடத்தில் ஊருக்கு வெளியே நிறுத்தப்படுவோரின் நிலை கடினமாகும் என்பதும் உண்மை. 1997இல் மிசோக்களுடன் ஏற்பட்ட மோதலுக்குப் பின் திரிபுராவுக்கு ஓடிய புரூ பழங்குடி மக்கள் மிசோரமுக்குத் திரும்பாமல் அங்கேயே குடியமர 2020இல்தான் வழி ஏற்பட்டது. சக்மா சிறுபான்மையினரின் மனக்குறைகளும் தீர்ந்தபாடில்லை. ரோபுய்லியானியின் மண்ணில் 2018 சட்டமன்றத்துக்கு ஒரு பெண்கூடத் தேர்வாகவில்லை; 2023இல் மூவர் வென்றனர், அவர்களுள் ஒருவரான பேரில் வன்னேய்சாங்கி 2024இல் முதல் பெண் அவைத்தலைவரானார். மறுபுறம், 2021க்குப் பின் மியான்மரிலிருந்தும் 2023க்குப் பின் மணிப்பூரிலிருந்தும் இனவுறவு கொண்டோர் பல்லாயிரக்கணக்கில் அடைக்கலம் புகுந்தபோது, ஊர்களும் சபைகளும் சங்கமும் அவர்களுக்கு உணவும் இடமும் தந்தன.

எனவே 1986ஆம் ஆண்டு உடன்பாட்டை வேறு இடங்களுக்கு நகலெடுக்க விரும்புவோர், கையொப்பமிட்ட தாளைப் படிப்பதோடு நிறுத்திவிட இயலாது. ஆயுதம் ஏந்திய தலைவரையும் பதவியிலிருந்த தலைவரையும் ஒருசேரக் கேள்வி கேட்கும் துணிவுள்ள சபையும் சங்கமும் அங்கு முன்பே இருந்தன. அவை தந்த இசைவே தாளுக்கு மதிப்பைத் தந்தது. அந்த இசைவின் வட்டத்துக்குள் சக்மாக்களும் புரூக்களும் பெண்களும் எந்த அளவுக்குச் சேர்க்கப்படுகிறார்கள் என்பதே இனிவரும் மிசோ தலைமையின் தகுதியை அளக்கும் கோல்.